எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் நிற்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய அம்பாசிடர், பத்மினி கார்களைப் புதுப்பிப்போர், எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடற்பகுதி) பூசிய பெயின்ட் சில மாதங்களிலேயே செதில் செதிலாக உரியும்போது பெயின்டின் தரத்தைத்தான் குறை கூறுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கழுவுவதில் இருக்கிறது. பட்டறை வழக்கப்படி டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவித் துணியால் துடைத்துவிட்டால், வார்ப்பிரும்பின் சொரசொரப்பான பரப்பில் எண்ணெய்ப் படலம் தங்கி, எஞ்சின் சூடேறியதும் அதன் மேலுள்ள பெயின்ட் பிடிப்பை இழக்கிறது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, டிகிரீசரும் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) வெந்நீரும் கொண்டு கழுவி, உடனே காற்றடித்து உலர்த்தி (ஈரம் நின்றால் கண்ணெதிரே செந்துரு பூக்கும்), இறுதியில் தின்னர் தோய்த்த வெள்ளைத் துணி அழுக்கின்றி வரும்வரை துடைப்பதே முறை. இதற்குக் கூலி கூடும் என்பது உண்மைதான். ஆயினும் மறுபடி எஞ்சினை இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பமே.

கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தகடு) அமரும் பரப்புகளை டேப்பால் மறைத்து, வெப்பம் தாங்கும் எனாமலை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும், உள்ளேயும் காயாது. எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியான புகைபோக்கி மேனிஃபோல்டுக்கு இந்த எனாமல் உதவாது; அங்கு வெப்பம் பல நூறு டிகிரியை எட்டுவதால், அதற்கென்று விற்கும் உயர்வெப்பப் பெயின்டையே கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.