குளக்கட்டின் அடியில் கலங்கல் நீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சிறு குளத்தின் மண்கட்டுதான் மாரி வெள்ளத்தைத் தடுத்து எங்களைக் காக்கிறது. கார்த்திகை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் அதன் அடிவாரத்தில் நடந்து பார்க்கிறேன். நீர் திறந்துவிடும் மதகான துருசுக்கு இடப்பக்கம், மருத மரத்தடியில் நீர் கசிகிறது. மண்கட்டு சிறிது கசியத்தான் செய்யும். ஆனால் போன கிழமை வரை தெளிவாக வந்த நீர் இப்போது கலங்கி வருகிறது. போத்தலில் பிடித்து வைத்தேன். ஒரு விரற்கடை வண்டல் படிந்தது. அது கட்டின் உள்மண்.

வேர் வழியே கசிகிறது என்று மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. உக்கிய வேரின் பொந்தே நீருக்கு வழியாகிவிடும். உடனே கசிவின் மேல் மணலும் சரளையும் பரப்ப வேண்டும். வேரை நீர் வற்றிய பின் தோண்டி, களிமண் இட்டு இறுக்கலாம்.

குளத்தின் மிகை நீர் வழிந்தோடும் வானில், கூடுதல் நீர் தேக்க யாரோ மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அந்த நீர் என் வயலுக்கும்தான் பாயும். ஆனாலும் அவற்றை அகற்றுங்கள்: வெள்ளம் கட்டின் மேலால் வழிந்தால் மண் நிற்காது.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. இரண்டு மனுக்கள் கொடுத்துவிட்டேன். அதிகாரிகள் ஒருமுறை நேரில் வரட்டும். கசியும் இடத்தை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருகோணமலை மாவட்டம்