கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்: கிழக்கு ஆப்பிரிக்க நிதி அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நான் வேலை செய்யும் மாவட்டத்தில் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. எந்த நாடு, எந்த மாவட்டம் என்று இங்கே எழுதவில்லை, எழுதினால் அன்றைக்கு எழுந்து நின்று கேள்வி கேட்ட அம்மாவுக்குத்தான் தொல்லை. ஆளுக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு சான்றிதழ், ஒரு பாட்டில் சோடா. நீங்கள்தான் நம் சுகாதாரத் துறையின் முதுகெலும்பு என்று மேடையில் ஒருவர் நீளமாகப் பேசினார். அவர் முடித்ததும் அந்த அம்மா எழுந்து, வந்துபோன பைக் டாக்சிக் காசாவது கிடைக்குமா என்று கேட்டார். தொண்டு செய்ய வந்தவர்கள் காசைப் பற்றிப் பேசக் கூடாது என்று பதில் வந்தது. அப்படிச் சொன்னவர் தன் தினப்படியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அலுவலக ஜீப்பில் திரும்பிப் போனார்.

அதனால்தான் இந்த மடல். சுகாதார அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களிடம் யார் கேட்டாலும் "நிதித் துறை ஒதுக்கவில்லை" என்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் இந்தப் பணியாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், அதை உங்கள் நாட்டின் சொந்த பட்ஜெட்டில் போடுங்கள்.

அவர்கள் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியாதது இல்லை. சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியாவா என்று பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். மூச்சிரைத்தால் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணி நிமோனியாவா என்று கண்டுபிடிக்கிறார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும் கொடுக்கிறார்கள். குழந்தையின் மேல்கையை நாடாவால் அளந்து, 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பில் விழுந்தால் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அப்புறம் இது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மாதாமாதம் மேலே அனுப்பவும் வேண்டும். இதே வேலையை நகரத்தில் ஒரு நர்ஸ் செய்தால் அதற்குச் சம்பளம் உண்டு, ஓய்வூதியமும் உண்டு.

அந்த அம்மாவின் மழைக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மார்ச்சில் மழை பிடித்ததும் விதைப்பு, அடுத்த சில வாரங்களில் களையெடுப்பு. கேழ்வரகு நாற்றுக்கும் அதோடு சேர்ந்து முளைக்கும் புல்லுக்கும் சின்னதாக இருக்கும்போது வித்தியாசமே தெரியாது, குனிந்து ஒவ்வொன்றாகக் கையால்தான் பிடுங்க வேண்டும், அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தவறவிட்டால் புல் பயிரை அமுக்கிவிடும். ஆனால் மழையில் குட்டை தேங்கிக் கொசு பெருகி ஊர்ப் பிள்ளைகளுக்கு மலேரியா வருவதும் சரியாக அதே நாட்களில்தான். விடிவதற்கு முன்பே கதவைத் தட்டுவார்கள், ஒரு குழந்தையைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கும், மருந்து கொடுத்த குழந்தையை மூன்றாம் நாள் போய்த் திரும்பப் பார்க்க வேண்டும், அந்த வீடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும். போன ஆண்டு அவர் ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பவில்லை. அவர் வயல் புல்லாகிப் போனது. ஊரெல்லாம் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டில் கடையில் மாவு வாங்கினார்கள்.

சம்பளம் இல்லாத வேலை என்கிறீர்கள். செலவு யாருடையது? டார்ச் பேட்டரி, மழைக்கு பூட்ஸ், மேலே தகவல் சொல்ல போனுக்கு ரீசார்ஜ், எல்லாம் அவருடையது. கையில் காசு இல்லாதபோது அவர் கடன் வாங்குவது ஊர்ச் சேமிப்புக் குழுவில். 1991இல் நைஜரின் மராடிப் பகுதிப் பெண்களிடம் தொடங்கி இந்தக் கண்டம் முழுக்கப் பரவிய அதே முறைதான்: இருபது பேர் போல வாரம் ஒருமுறை கூடுவார்கள், பணம் ஒரு இரும்புப் பெட்டியில், பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவிகள் மூன்று பேரிடம், ஆண்டுக் கடைசியில் பங்கு பிரிப்பார்கள். ஆடு வாங்கவும் விதை வாங்கவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் பெண்கள் சேர்த்த பணம் அது. அதிலிருந்துதான் அரசாங்கத்தின் டார்ச்சுக்கு பேட்டரி போகிறது. அந்தக் குழுப் பெண்கள் இந்த ஆண்டு தங்கள் வயலை விட்டுவிட்டு வந்து அவருக்குக் களையெடுத்தும் கொடுத்தார்கள். நீங்கள் கொடுக்க வேண்டிய சம்பளத்தை உங்கள் நாட்டிலேயே மிக ஏழையான பெண்கள் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சமூகமே முன்னின்று நடத்தும் திட்டம் என்று மாநாட்டு மேடைகளில் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்டவர்கள் செய்து காட்டியது கொஞ்சமா? குடிதண்ணீர் வழியே உடம்புக்குள் போகும் கினிப்புழு நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி, புழு வெளிவரும் காலோடு யாரும் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டது கிராமத்துத் தொண்டர்கள்தான். 1986இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேரைப் பிடித்த நோய், 2024இல் உலகம் முழுக்க 15 பேர். ஆற்றோர ஈ கடித்து வரும் குருட்டு நோய்க்குப் பயந்து மேற்கு ஆப்பிரிக்காவில் நல்ல வண்டல் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு ஊர்களே மேட்டுக்குப் போன காலம் உண்டு. 1974இல் தொடங்கிய ஈ ஒழிப்புத் திட்டத்தால் சுமார் 2.5 கோடி ஹெக்டேர் நிலம் மறுபடி விவசாயத்துக்கு வந்தது. பிற்பாடு கிழக்கிலும் மத்தியிலும், ஊரே தேர்ந்தெடுத்த ஆட்கள் ஒரு அளவுகோலால் உயரத்தை அளந்து அதற்குத் தக்கபடி ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1987 முதல் மாத்திரை இலவசம். கொடுத்தவர்களின் உழைப்பும் இலவசம். இந்தக் கண்டத்தில் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களில் 86 சதவீதம் பேருக்கு ஊதியமே இல்லை என்று ஒரு கணக்கு இருக்கிறது, உங்கள் மேசைக்கும் வந்திருக்கும்.

2025 ஜனவரியில் அமெரிக்கா ஒரே கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, திட்டப் பணத்தில் அவர்களுக்குக் கிடைத்துவந்த சின்னப் படிகளும் பல இடங்களில் நின்றுபோயின. அமெரிக்கா செய்தது கொடுமைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொந்த ஊர்ப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பவரின் வருமானத்தை வாஷிங்டன் கையில் இத்தனை காலம் விட்டுவைத்தது யார்? 2001இல் நைஜீரியாவின் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதமாவது சுகாதாரத்துக்கு என்று வாக்குக் கொடுத்தது ஆப்பிரிக்கத் தலைவர்களேதான். பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021இல் உகாண்டாவில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கார் வாங்க 20 கோடி ஷில்லிங் கிடைத்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

மன்னிக்கவும், கோபத்தில் வேறு எங்கோ போய்விட்டேன். நீ யார் இதைக் கேட்க என்றும் உங்களுக்குத் தோன்றலாம். நியாயம்தான். நான் இந்தியாவிலிருந்து வந்தவன், அங்கேயும் ஆஷா என்ற கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களைத் தன்னார்வலர் என்று சொல்லி ஊக்கத்தொகை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவர்கள் தெருவில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. அதுவும் தவறுதான்.

இந்தக் கண்டத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். எத்தியோப்பியா 2003இல் தொடங்கி கிராமத்துப் பெண்களுக்கு ஒரு ஆண்டுப் பயிற்சி கொடுத்து அரசுச் சம்பளத்தில் வேலைக்கு எடுத்தது. லைபீரியா, எபோலாவில் நொறுங்கிப் போன நாடு, 2016இலிருந்து மாதச் சம்பளம் கொடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. கென்யா 2023இல் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் பையும் மருந்தும் கொடுத்து, மாதப் படியை மத்திய அரசும் கவுண்டி என்னும் மாவட்ட அரசுகளும் பாதிப் பாதியாகப் போடுவது என்று முடிவெடுத்தது. படி சின்னதுதான், நாள் தவறுகிறது என்ற புகாரும் இருக்கிறது, இருந்தாலும் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. காசு கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். டாக்டருக்குப் போகாதது இவர்களுக்கு மட்டும் எப்படிப் போகும்? செய்யும் வேலைக்கும் செலவிடும் நேரத்துக்கும் தக்கபடி ஊதியம் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

எனவே மறுபடியும் கேட்கிறேன், சம்பளம் கொடுங்கள். உங்களில் பலர் ஜூனில் பட்ஜெட் வாசிப்பீர்கள், அதில் இதற்கென்று தனியாக ஒரு வரி இருக்கட்டும், நன்கொடையாளர் பணம் வந்தால் பார்க்கலாம் என்ற அடிக்குறிப்போடு வேண்டாம். எவ்வளவு என்பதை இந்தப் பணியாளர்களையும் கூட உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். யார் கையும் குறுக்கே வராமல் நேராக அவர்கள் போனுக்கு மொபைல் பணமாகப் போகட்டும், சந்தைக்குச் சந்தை அந்த வசதி உங்கள் நாடுகளில்தான் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் மழை தொடங்குவதற்குள், களையெடுக்க ஒரு கூலி ஆளை வைத்துக்கொள்ளும் அளவுக்காவது முதல் மாதச் சம்பளம் அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பகுதியில் ஒரு வேளாண் திட்டத்தில் வேலை செய்யும் தமிழன்