பெயரில்லாமல் எழுத ஓர் இடம் விடுங்கள்: குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்கள் மூவருக்கும்,

வணக்கம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான நம் ஃபேஸ்புக் குழுவில் பெயர் மறைத்துப் பதிவு போட முடியாது, புனைபெயரில் இருப்பவர்களும் சொந்தப் பெயருக்கு மாறியாக வேண்டும் என்று நேற்று அறிவித்திருக்கிறீர்கள். அறிவிப்பின் கீழே கைதட்டல்தான் அதிகம். “இனி மொட்டைக் கடுதாசிக்கு இங்கே வேலை இல்லை” என்று ஒருவர் எழுதியிருந்தார், அதற்கும் லைக்குகள் குவிந்திருந்தன. எனக்கு மட்டும் கைதட்ட மனம் வரவில்லை. பின்னூட்டத்தில் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் மடலாகவே எழுதிவிடுகிறேன்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. மருந்துச் செலவுக்குத் திண்டாடிய குடும்பங்களுக்காக அலைந்து திரிந்து பணம் திரட்டித் தந்தவர் நம் உறுப்பினர் ஒருவர். அவர் அதில் ஒரு பங்கைச் சுருட்டிவிட்டார் என்று பெயரை மறைத்த யாரோ ஒரு அனானி எழுதினார். பணம் திரட்டியவர் ரசீதுகளை வரிசையாக எடுத்துப் போட்டார். எழுதியவர் மறுநாளே பதிவை நீக்கிவிட்டுக் காணாமல் போனார். பதிவு போய்விட்டது, அதன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணம் திரட்டியவரும் குழுவை விட்டுப் போய்விட்டார். இதைப் பார்த்தபிறகு யாருக்கும் கதவை இழுத்துச் சாத்தத்தான் தோன்றும்.

ஆனால் அதே கதவு வழியாகத்தான் நானும் உள்ளே வந்தேன்.

அப்பாவுக்கு மறதிநோய் வந்து மூன்றாவது வருடம். குளியல் என்றாலே மிரளுவார். ஒருநாள் காலையில் இழுபறியில் அவர் கையிலிருந்த சொம்பு என் நெற்றியில் பட்டது. நான் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே, “நீ யாரும்மா?” என்று கேட்டார்.

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு நம் குழுவைத் திறந்தேன். “இன்று அப்பாவை” என்று தட்டிவிட்டு அழித்தேன். என் தம்பி இந்தக் குழுவில் இருக்கிறான், தம்பி மனைவி இருக்கிறாள், என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். பெயரை மறைக்கும் பொத்தானை அழுத்திய பிறகுதான் அந்த வாக்கியத்தின் வினைச்சொல் வந்தது.

காலையில் பார்த்தால் பதில்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. தலையில் தண்ணீர் விழுவதுதான் அவர்களுக்குப் பயம், அதனால் பாதத்திலிருந்து ஆரம்பித்து மேலே வா என்றார் ஒருவர். தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக் குளிப்பாட்டு, அம்மணமாக நிற்கும் கூச்சம்கூட அந்த அடத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். ஆத்திரம் தலைக்கேறினால் அவர் விழாதபடி உட்கார வைத்துவிட்டு நீ வெளியே போய் நில் என்று மூன்றாமவர். நாலாவதாக ஒரே ஒரு வரி: “நானும் அடித்திருக்கிறேன்.” அதுவும் பெயர் மறைத்த பதில்தான். அப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். நான் மறுபடி கை ஓங்கவில்லை. அந்தப் பொத்தான் இல்லாவிட்டால் அன்று நான் எதையும் எழுதியிருக்க மாட்டேன், பேசாமல் படுத்திருப்பேன். அடுத்த குளியல் எப்படி நடந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பெயர் தெரிந்தால் அளந்து பேசுவார்கள் என்பது உங்கள் வாதம். பாதி சரி. இணையத்தில் மனிதர்களின் கட்டு ஏன் அவிழ்ந்துவிடுகிறது என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் எழுதினார். முகம் தெரியாததை முதல் காரணங்களில் ஒன்றாகச் சொன்ன அவர், அந்த அவிழ்தலில் நல்லதும் உண்டு, நஞ்சும் உண்டு என்றார். வேறெங்கும் வாய் திறக்காதவர் தன் பயத்தைச் சொல்வதும், வேறெங்கும் திட்டாதவர் கண்டபடி திட்டுவதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அந்தப் பணத்தைப் பற்றி எழுதிய அனானியும் நானும் அழுத்தியது ஒரே பொத்தான்.

மீதிப் பாதி சரியில்லை. குடும்ப வாட்ஸாப் குழுக்களையே பாருங்களேன். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பெயர் மட்டுமல்ல, முப்பது வருடக் கணக்கும் தெரியும். அங்கே நடக்கிற சண்டையை நம் குழுவில் நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாடே இதைச் செய்து பார்த்திருக்கிறது. தென் கொரியாவில் 2007 முதல், பெரிய இணையதளங்களில் பதிவோ பின்னூட்டமோ போட வேண்டுமென்றால் முதலில் தான் யாரென்று நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. முதலில் நாளொன்றுக்கு 3 லட்சம் பேர் வரும் தளங்களுக்கு, 2009-ல் 1 லட்சம் பேர் வரும் தளங்களுக்கும். யூடியூப் அந்த ஏற்பாட்டுக்கு உட்படாமல், கொரியப் பக்கத்தில் வீடியோ ஏற்றுவதையும் பின்னூட்டத்தையுமே நிறுத்திவிட்டது. 2012 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. சட்டவிரோதமான பதிவுகள் சொல்லும்படி குறைந்ததாகத் தெரியவில்லை, மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் சில. இதற்கு ஒரு வருடம் முன்பு, 2011 ஜூலையில், நேட், சைவேர்ல்டு என்ற இரண்டு தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்களைத் திருடிவிட்டார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே 5 கோடிதான். யாரையும் அடையாளம் காட்டச் சொல்லி வாங்கி வைத்தால், வாங்கியதைப் பூட்டிக் காக்கவும் தெரிய வேண்டும். நீங்கள் அடையாள அட்டையின் படத்தை இன்பாக்ஸில் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மூவரின் போனில் ஒன்று தொலைந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

இன்னொன்று சின்னக் கதை. பிளிஸார்டு என்ற வீடியோ கேம் நிறுவனம் 2010 ஜூலை 6-ம் தேதி, தன் விவாதக் களங்களில் இனி எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று அறிவித்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட அங்கே வேலை பார்த்த ஒருவர் தன் சொந்தப் பெயரை வெளியிட்டார். கொஞ்ச நேரத்திலேயே அவர் வீட்டு முகவரி, போன் நம்பர், குடும்ப விவரம் எல்லாவற்றையும் தேடி எடுத்துக் களத்தில் போட்டுவிட்டார்கள். 9-ம் தேதி நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. மூன்றே நாள். வெறும் விளையாட்டைப் பற்றிப் பேசுகிற இடத்துக்கே இந்தக் கதி என்றால், நோயையும் வீட்டையும் பற்றிப் பேசுகிற இடம் எப்படி இருக்கும்?

சரி, அப்படியானால் எதையும் எழுதலாம், யாரைப் பற்றியும் எழுதலாம் என்கிறேனா? இல்லை. இதற்கு ஒரு கோடு நம் மொழியிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. சங்கப் பாட்டில் அகம், புறம் என்று இரண்டு. புறப்பாட்டில் அரசன் பெயர், ஊர், போர் எல்லாம் வரும். அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே கிடையாது, இன்னார் என்று சுட்டினால் அது அகமே ஆகாது என்பது இலக்கணம். மனசுக்குள் நடப்பதைச் சொல்லும்போது ஆள் யாரென்பது தேவையில்லை என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாகச் சொன்ன புலவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது, அந்த உவமையையே பெயராக்கி செம்புலப்பெயனீரார் என்கிறோம். பாட்டுக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. குடியை விட நினைப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (‘பெயர் சொல்லாத குடிநோயாளிகள்’) கூட்டங்களும் கிட்டத்தட்ட இதே வழிதான்.

அந்தக் கோட்டை நம் குழுவிலும் போடலாம். தன்னைப் பற்றி, தன் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி எழுதுபவர் பெயர் மறைத்து எழுதட்டும். இன்னொரு மனிதரைச் சுட்டிக் குற்றம் சொல்பவர் தன் பெயரோடு வரட்டும். இந்த ஒரு விதி இருந்திருந்தால் பணத்தைப் பற்றிய அந்தப் பதிவு உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும் பட்டியலைத் தாண்டியிருக்காது.

இது இடிக்கும் இடம் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியின் பணியாள், படுக்கையில் இருப்பவரைக் கட்டிலோடு கட்டிவைத்ததாக ஒருவர் எழுதினார் என்று வையுங்கள். அவர் அம்மா இன்னும் அந்த ஏஜென்சியின் கையில்தான் இருக்கிறார். பெயரோடு எழுதச் சொன்னால் எழுத மாட்டார். மொட்டையாக எழுதவிட்டால் நாளைக்குப் போட்டி ஏஜென்சிக்காரரும் இதையே எழுதுவார். இங்கே உங்கள் கண் வேண்டும். ஃபேஸ்புக் குழுவில் பெயர் மறைத்துப் போடும் பதிவுக்கும் அட்மின்களுக்குப் பெயர் தெரியும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனவே எழுதியவரிடம் தனியாகப் பேசுங்கள், ரசீது, படம், தேதி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவர் பெயரை உங்களோடு வைத்துக்கொண்டு பதிவை விடுங்கள், எதிர்த்தரப்புக்கும் பதில் சொல்ல இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் புகார் எங்கே கொடுக்கலாம் என்று வழிகாட்டிவிட்டுப் பதிவை நிறுத்தி வையுங்கள். தனிமனிதரைப் பற்றி என்றால் இன்னும் இறுக்கமாக இருங்கள். பணம் வாங்கிக்கொண்டு சேவை செய்யும் நிறுவனம் என்றால் கொஞ்சம் தளர்த்துங்கள். இதற்கு மேல் துல்லியமான விதி எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

பதிவு போடுபவர்களில் பலருக்கு, தங்கள் பெயர் உங்களுக்குத் தெரியும் என்பது தெரியாது. எனக்கே அன்று தெரியாது. குழுவின் விதிகளில் முதலில் ஒரு வரி தமிழில் எழுதி வையுங்கள்: உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மின்களுக்கும் தளத்துக்கும் தெரியும் என்று. தெரிந்துகொண்டு எழுதுகிறவருக்கு அந்த உரிமை இருக்கட்டும். போன மாதம் ஒருவர் பெயரை மறைத்துப் போட்டிருந்த படத்தில் மாத்திரை டப்பாவின் லேபிள் தெளிவாகத் தெரிந்தது. நோயாளியின் பெயர், வயது, மருத்துவரின் பெயர் எல்லாம் இருந்தன. பதிவை அனுமதித்த உங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெயரை மறைப்பது என்பது பொத்தானோடு முடிகிற வேலை இல்லை.

அப்புறம் புனைபெயர். அனானியையும் புனைபெயர்க்காரரையும் நீங்கள் ஒரே கயிற்றில் கட்டிவிட்டீர்கள். படுக்கைப் புண்ணைப் பற்றிக் கேட்டால் நள்ளிரவிலும் பதில் சொல்பவர் ஒருவர் இருக்கிறாரே, பூனைப் படம் வைத்திருப்பாரே, அவருடைய உண்மைப் பெயர் நமக்கு ஆறு வருடமாகத் தெரியாது. ஆனால் அவர் சொன்னால் கேட்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வை, சிவந்த இடத்தைத் தேய்க்காதே என்று அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! அந்தப் புனைபெயரைக் கெடுத்துக்கொண்டால் அவருக்கு இழக்க நிறைய இருக்கிறது. நேற்று திறந்த கணக்கில் அசல் பெயரைப் போட்டுக்கொண்டு வருபவருக்கு இழக்க ஒன்றுமில்லை. முதல் தேதிக்குப் பிறகு அந்தப் பூனைப் படக்காரர் போய்விடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

இதெல்லாம் சொல்வது சுலபம், பார்ப்பது யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று பேர், சம்பளம் கிடையாது, வீட்டில் ஆளாளுக்கு ஒரு நோயாளி. வரும் பதிவை எல்லாம் வரிவரியாகப் படி என்று உங்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடை என்பது உங்கள் களைப்பிலிருந்து வந்த முடிவு என்பது எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்: பெயர் மறைத்த பதிவுகளுக்கு மட்டும் தனியாக இரண்டு, மூன்று பேரைப் போடுங்கள். இரவு பதினொன்று முதல் இரண்டு மணி வரை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா போனபிறகும் அந்த நேரத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த மாதிரிப் பதிவுகள் வருவதும் அப்போதுதான்.

பணம் திரட்டியவரிடம் குழுவின் சார்பில் இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. விதியை மாற்றுவதற்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள். அந்தப் பதிவை அன்று அனுமதித்தது நாம்தான்.

இப்படிக்கு,
குழுவில் ஓர் உறுப்பினர்
(பெயர் உங்கள் மூவருக்கும் தெரியும்)