அலர்ஜி ரிப்போர்ட் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு

ஐயா, அம்மா, வணக்கம்.

போன வருஷம் என் மகனுக்கு விடாத தும்மல். மூக்கைத் தேய்த்துக்கொண்டேதான் பல் துலக்குவான். உங்களில் ஒருவரிடம் ரத்தம் கொடுத்தோம். அருகம்புல் மகரந்தம் பாசிட்டிவ் என்று வந்தது. சரி. கூடவே கோதுமை, வேர்க்கடலை, தக்காளி என்று பதினோரு வரிகள் சிவப்பில். கடைசியில் ‘தவிர்க்க வேண்டிய உணவுகள்’ என்று ஒரு கட்டம் வேறு.

சப்பாத்திக் கட்டை பரணுக்குப் போயிற்று. பள்ளியில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கடலைமிட்டாயைப் பிரிக்காமல் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். எட்டு மாதம் இப்படியே. தும்மல் மட்டும் குறையவில்லை.

அப்புறம் பார்த்த ஒவ்வாமை மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: “முன்னெல்லாம் சப்பாத்தி, கடலை சாப்பிட்டால் இவனுக்கு என்ன செய்யும்?” ஒன்றும் செய்யாது என்றேன். பிறகு அவர் சொன்னது இது.

உங்கள் சோதனை ரத்தத்தில் தேடுகிற ஐஜிஇ என்கிற எதிர்ப்பொருள் ஊர், பேர் கேட்காது. புரதத்தின் வடிவத்தைத்தான் பார்க்கும். அருகம்புல்லும் கோதுமையும் ஒரே புல் குடும்பம். போதாததற்கு, புரோஃபிலின் என்ற புரதம் எல்லாச் செடிகொடிகளிலும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. 1991இல் பிர்ச் மர மகரந்தத்தில் அது ஒவ்வாமைப் புரதம் என்று தெரியவந்தது. அருகம்புல்லில் இருப்பதற்கு ‘சின் டி 12’ என்று பெயர். தாவரப் புரதங்களின்மேல் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள் இன்னொரு வம்பு. அவற்றுக்கு எதிரான ஐஜிஇ இருந்தால் உங்கள் கருவி கடலை, தக்காளி என்று வரிசையாகப் பாசிட்டிவ் காட்டும். சாப்பிடுகிற ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

ஒன்றுக்கு எதிரான ஐஜிஇ அதைப் போன்ற இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளும் இந்தக் குறுக்கு ஒவ்வாமை எல்லாமே காகிதத்தோடு நிற்பது என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் பிர்ச் மகரந்த ஒவ்வாமை உள்ள பலருக்குப் வேகவைக்காத ஆப்பிளைக் கடித்தாலே வாய் அரிக்கும். வேகவைத்தால், ஆப்பிளில் உள்ள பிர்ச் புரதத்தைப் போன்ற புரதம் சிதைந்துவிடுவதால் பேசாமல் சாப்பிடுவார்கள். வேர்க்கடலையின் ‘அரா எச் 2’ என்ற புரதம் அப்படியல்ல, வறுத்தாலும் அசராது. கடலை தின்று முகம் வீங்கியவர்கள், மூச்சுத் திணறியவர்கள் இந்த மடலை நம்பித் தின்று பார்க்க வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இதுதான். அந்தத் ‘தவிர்க்க’ கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதை எழுத வேண்டியவர், நோயாளியிடம் பேசிய மருத்துவர். மகரந்தத்தோடு பத்து உணவும் சேர்ந்து சிவந்தால், ‘இது குறுக்கு வினையாக இருக்கலாம்’ என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். கடலைக்கு அரா எச் 2, கோதுமைக்கு ஒமேகா-5 கிளையடின் என்று தனிப் புரதச் சோதனைகள் இருப்பதையும் சொல்லுங்கள். தும்மலோடு வருகிறவர் தலையில் உணவு ஒவ்வாமைச் சோதனை பேக்கேஜைக் கட்டுவதை, தயவுசெய்து, நிறுத்துங்கள்.

என் மகனுக்கு அரா எச் 2 நெகட்டிவ். மருத்துவர் தன் அறையிலேயே உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலைமிட்டாய் கொடுத்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். “இன்னொண்ணு கிடைக்குமா?” என்று கேட்டான்.

இப்படிக்கு,
உங்கள் ரிப்போர்ட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஓர் அம்மா