அந்த அம்மா அங்கே இல்லையடா

அன்புள்ள பாலு,

உன் பட அட்டை வந்து ரெண்டு மாசம் ஆச்சு. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நம் தப்பெல்லாம் இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறதாம்.

நெப்போலியன் முடிசூட்டு ஓவியத்தை அனுப்பி, "நடுவே உட்கார்ந்திருக்கும் தாயார் முகத்தில் என்ன பெருமை!" என்று உருகியிருந்தாய். அடப்பாவி! 1804 டிசம்பர் 2 அன்று லெதீசியா அம்மாள் ரோமில் இருந்தார். பிள்ளைகளுக்குள் சண்டை. ஓவியர் டாவீத்தான் அவரை மாடத்தின் நடுவே குடியேற்றினார். படத்தில் போப் ஏழாம் பயஸ் முதலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகுதான் ஆசி வழங்கும் கை வந்தது. நெப்போலியன் தன் தலையில் தானே முடி வைப்பதாகப் போட்ட கோட்டோவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது திமிராகத் தெரியும் என்று மனைவிக்குச் சூட்டுவதாக மாற்றினார்கள். கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்துக்குப் பொய், அவ்வளவு அழகாக.

இனி நெப்போலியன் போட்டிருக்கும் துணியைப் பார். சிவப்பு வெல்வெட், உள்ளே எர்மின் என்ற கீரி இனப் பிராணியின் வெள்ளை ரோமம், மேலே பொன் தேனீக்கள். புரட்சியில் விழுந்த பழைய ராஜ வம்சமான பூர்பன்களின் லில்லிப் பூச் சின்னத்தை வைக்க முடியாது. அதைவிடப் பழைய சின்னம் வேண்டும். 1653-ல் இன்றைய பெல்ஜியத்துத் தூர்னேயில், ஐந்தாம் நூற்றாண்டு ஃபிராங்க் மன்னன் சில்டெரிக்கின் கல்லறையில் கிடைத்த பொன் பூச்சிகள் கைகொடுத்தன. பூர்பன்களுக்கும் மூத்த வம்சம் எங்களுடையது என்று உடுப்பிலேயே சொல்லியாயிற்று. அங்கியின் எடை 80 பவுண்டு என்கிறார்கள். தாங்க நாலு பேர்.

எனக்கு உறுத்துவது வேறு. நெப்போலியன் மனைவி ஜோசஃபினுக்குப் பிடித்தது மெல்லிய மஸ்லின். மார்புக்குக் கீழே இடுப்புக்கோடு, கொடி போலத் தொங்கும் பாவாடை. ஆனால் நல்ல மஸ்லின் வங்காளத்தில் நெய்து, பிரிட்டிஷ் வியாபாரிகள் கை வழியாக வருவது. எதிரிக்கல்லவா காசு போகிறது! பிரான்சிலோ, 1793-ல் புரட்சிப் படையின் முற்றுகையில் நொடித்த லியோன் நகரத்துப் பட்டுத்தறிகள் சோற்றுக்கு ஏங்கின. அரசவையில் பட்டும் வெல்வெட்டும் என்று நெப்போலியன் பிடித்த பிடிவாதம் அதனால்தான். 1806-ல் பிரிட்டிஷ் சரக்குக்கே தடை. வெட்டு மாறவில்லை, துணிதான் மாறியது. பொன் ஜரிகை ஏறிய வெல்வெட் உடம்போடு ஒட்டாமல் தூண் மாதிரி விறைத்து நிற்கும், எடையெல்லாம் தோளில். பேரரசி நடமாடும் தறிக்கடை ஆனாள். அவள் அங்கியின் பின்னால் தரையில் இழுபடும் வாலை அன்றைக்குத் தாங்கியவர்கள் முணுமுணுத்த நாத்தனார்கள். படத்தில் வேறு இரு சீமாட்டிகள் பிடித்திருக்க, நாத்தனார்கள் இடப்பக்கம் வெள்ளை உடுத்தி வரிசையாக நிற்கிறார்கள். டாவீத்துக்குக் குடும்பம் நடத்தத் தெரிந்திருக்கிறது!

மறுபடி போனால் வெர்சாய் அரண்மனையில் இருக்கும் இந்த ஓவியத்தின் பிரதியையும் பார். டாவீத்தே 1822-ல் முடித்தது. அந்த வரிசையில் ஒருத்தி மட்டும் ரோஜா நிறம். யாரென்று கண்டுபிடித்து எழுது, ரங்கனைக் கேட்காதே.

உன்,
சேது