விழா முடிந்தால் குழிகளை மூடுங்கள்: மைதான நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சேலத்தில் உங்கள் பொறுப்பில் இருக்கும் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி அளித்துவருபவள் நான். அங்கே அண்மையில் நடந்த விழா, அதற்குப் போட்ட பந்தல், பந்தல் பிரித்த சில நாளிலேயே எங்கள் அணியின் நடுகள ஆட்டக்காரி மூடாத பந்தல் குழியில் கால் இறங்கி முழங்காலில் அடிபட்டது, இவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்திருக்கிறோம், நேரிலும் வந்து சொல்லியிருக்கிறோம். அன்று உங்கள் அலுவலர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கடைசியில் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த மடலை எழுதவைத்தது. "மேடம், பிள்ளைங்களைக் கீழே பார்த்து விளையாடச் சொல்லுங்க" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். ஆகவேதான் கோபித்துக்கொண்டு போகாமல், அது ஏன் முடியாது என்று விளக்க முயல்கிறேன்.

நடுகளத்தில் ஆடுபவள் கீழே பார்க்கக் கூடாது. கோல்கீப்பருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே நடக்கிறது, பின்களத்தில் நிற்பவளுக்கும் பெரும்பாலும் அப்படியே. மிட்ஃபீல்டருக்கு மட்டும்தான் முன்னும் பின்னும் இருபுறமும் ஆள் இருக்கும். பந்து தன் காலுக்கு வருவதற்குள் அவள் இரண்டு தோள்களுக்கு மேலாகவும் திரும்பிப் பார்த்து, எதிரணிக்காரி எவ்வளவு நெருங்கிவிட்டாள், ஓரத்தில் ஆடும் தன் விங்கர் ஓடத் தொடங்கிவிட்டாளா, திரும்புவதற்கு இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கிட்டு முடித்திருக்க வேண்டும். பந்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவளிடமிருந்து அதைப் பறித்துவிடுவார்கள். இந்தப் பழக்கத்தை ஒரு பிள்ளைக்குள் ஏற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஒருத்தி பந்தை அனுப்ப, அதை வாங்கப்போகிறவளின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் விரல்களை நீட்டுவேன். பந்தைத் தொடும் முன் எத்தனை விரல் என்று அவள் சொல்லிவிட வேண்டும். அதை ஒருமுறைகூடத் தவறாகச் சொல்லாத பெண்தான் இன்று கால் நீட்டிப் படுத்திருக்கிறாள்.

அந்தக் குழியையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மைதானத்துக்கு வந்து அதைப் பார்த்தவர் உங்களில் யாரும் இல்லை. பந்தல்காரர்கள் கடப்பாரையால் தோண்டிக் கம்பு நட்ட இடம் அது. வாய் ஒரு சாண் அகலம், ஆழம் ஒரு முழம். கம்பைப் பிடுங்கியவர்கள் ஓரத்து மண்ணைக் காலால் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு பெய்த மழையில் செம்மண் கரைந்து குழிக்குள் இறங்கி, மேலே சமதளமாகப் படிந்துவிட்டது. கீழே பார்த்து ஓடினாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதை அந்த அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். மாலைப் பயிற்சியில் அவள் பந்தை வாங்கித் திரும்புவதற்காக இடதுகாலை ஊன்றினாள். கால் கணுக்காலுக்கு மேல்வரை சேற்றுக்குள் இறங்கிவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் மோதவில்லை, யாரும் தடுக்கவில்லை. முழங்காலுக்குள் டப்பென்று கேட்ட சத்தம், சற்றுத் தள்ளி நின்ற என் காதிலும் விழுந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முழங்கால் ஜவ்வு முழுவதும் கிழிந்திருக்கிறது. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்று குறிப்பிடும் அந்தத் தசைநார் சாதாரணமாகத் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. மறுபடி ஆடவேண்டும் என்றால் பெரும்பாலும் பின்தொடையிலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாணை எடுத்து, நுண்துளை அறுவைச் சிகிச்சையில் புதிதாகக் கட்டுகிறார்கள். அதன் பிறகும் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கே அதிகம் நேர்கிறது என்பது விளையாட்டு மருத்துவம் நெடுநாளாகச் சொல்லிவரும் செய்தி. அப்படியானால் பெண்கள் ஆடும் தரையில் கூடுதல் கவனம் இருந்திருக்க வேண்டும். வழக்கமான கவனமாவது இருந்திருந்தால் போதும் என்பதுதான் எங்கள் நிலை.

அவள் ஏற்காட்டுப் பெண். பெற்றோர் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் பேருந்தில் இறங்கி ஏறிப் பயிற்சிக்கு வரமுடியாது என்பதால், கன்னங்குறிச்சியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு அடுத்து வர இருந்தது. வயது வரம்பு வைத்து நடத்தும் தேர்வு என்பதால், தவறவிட்ட அந்த ஆண்டு திரும்ப வராது. ஒன்பது மாதம் என்று நாம் சொல்வது அவள் கணக்கில் ஜூனியர் அணி, அதன் வழியாக வரும் கல்லூரி இடம், அங்கிருந்து ஏதாவது ஒரு கிளப்பின் பார்வை என்று வரிசையாகச் சரிகிறது. அவளுடைய அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "வேலைக்குப் போற அளவுக்காவது கால் சரியாயிடுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

பெண்களின் கால்பந்து ஏதோ பொழுதுபோக்கு என்ற எண்ணம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் நடுகள ஆட்டக்காரர்தான். இந்திய அணிக்கு ஆடினார், 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரை சேது எஃப்.சி. அணியில் ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் தேசிய சீனியர் கோப்பையை வென்று வந்தார்கள். 2025 ஜூலையில் சியாங் மாய் நகரில் இந்தியா தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்ததே, அன்று இரண்டு கோலும் அடித்த சங்கீதா பாஸ்ஃபோரும் நடுகளத்தவர். மகளிர் லீக்கின் முதல் எட்டு அணிகளில் பத்துப் பேருக்காவது ஆண்டுக்கு 3.2 லட்ச ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் தரவேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-இல் அறிவித்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் தோட்டக் கூலி வீட்டில் அது எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. அதைத் தாண்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசுப் பணி என்ற நம்பிக்கையும் இருக்கிறது. முப்பது வயதைத் தாண்டினால் முடியத் தொடங்கும் தொழில் இது, அதற்குள் எல்லாவற்றையும் முழங்கால்தான் சம்பாதித்துத் தரவேண்டும்.

அதே மைதானத்தின் நடுவே ஒரு கிரிக்கெட் பிட்ச் இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். இருபத்திரண்டு கெஜம்தான். சுற்றிலும் கயிறு கட்டி, காலை மாலை தண்ணீர் விட்டு, ரோலர் உருட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். விழாவுக்கு வந்த லாரிகூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜனைத் தந்த மாவட்டம் கிரிக்கெட்டைக் கொண்டாடுவதில் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவர் பந்து வீசும்போது எங்கள் பிள்ளைகளும்தான் கைதட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே இருப்பதும் மைதானம்தான் என்று யாராவது ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நன்றாக இருக்கும். இல்லையென்றால், ஆண்டில் எத்தனை நாள் அது மைதானம், எத்தனை நாள் கல்யாண மண்டபம், எத்தனை நாள் லாரி நிறுத்தம் என்று வாசலில் ஒரு பலகை வைத்துவிடுங்கள், நாங்கள் அதற்கேற்பக் காலை ஊன்றிக்கொள்கிறோம். பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை இல்லை, கழிப்பறைப் பூட்டின் சாவி எந்த நேரத்தில் யாரிடம் இருக்கும் என்பது தெரியாது. அவை வேறு மனுக்களுக்கு உரியவை, இங்கே அவற்றைப் பேசவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்கிறேன். விழா முடிந்தால் குழிகளை மூடுங்கள். விழாவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பந்தல்காரர்கள் மீதும் பழி போடவில்லை. நட்டுப் பிரிப்பதற்குத்தான் அவர்களுக்குக் கூலி, மூடச் சொல்லி எழுதிக்கொடுத்தவர் யாரும் இல்லை. மைதானத்தை வாடகைக்குக் கேட்பவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, குழிகள் மூடப்பட்ட பிறகே அதைத் திருப்பித் தாருங்கள். மூடுவது என்றால் மேலாக மண்ணைத் தள்ளுவது அல்ல. ஈரமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து, கடைசியில் ரோலர் ஓட்ட வேண்டும். எங்கள் பிள்ளைகள் பக்கெட்டில் மணல் சுமந்து சில குழிகளை நிரப்பிப் பார்த்தார்கள், அடுத்த மழையிலேயே உள்வாங்கிவிட்டது. மூடிய பிறகு உங்கள் அலுவலர் ஒருவர் மைதானம் முழுவதும் நடந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகே ஆட்டத்துக்குத் திறந்துவிட வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு டிராக்டர் மண்ணும் இரண்டு ஆள் கூலியும். விழாவில் போட்ட சால்வைகளுக்கு ஆன செலவை நான் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் அறுவைச் சிகிச்சைக்கு உங்களால் எந்த நிதியிலிருந்தாவது உதவ முடிந்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். முடியாது என்றால் அதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், வேறு இடத்தில் கேட்டுப் பார்ப்போம். ஆனால் குழிகள் விஷயத்தில் முடியாது என்ற பதிலை ஏற்க எங்களால் இயலாது. விழா முடிந்தால் மூடுங்கள், மூடிய பிறகு திறந்துவிடுங்கள்.

இன்னும் திறந்து கிடக்கும் குழிகளைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த நிகழ்ச்சிக்கும் மைதானம் கொடுக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அந்தப் பந்தல் கம்புகள் வந்து இறங்குவதற்குள் இந்தக் குழிகளை மூட ஆள் அனுப்புமாறும், எந்த நாள் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். காலை ஆறு மணியிலிருந்து நான் அங்கேதான் இருப்பேன், இடங்களைக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பெண்கள் கால்பந்துப் பயிற்சியாளர்,
சேலம்