ராபின் ஹூட்டின் ஒரு நாள் நடை

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கதைகளில் வரும் காட்டுக் கொள்ளைக்காரன் ராபின் ஹூட்டைப் பற்றிய படங்களில் வரலாறு தப்பாக இருக்கிறது என்று குறைப்படுபவர்கள் எந்த வரலாற்றைக் கேட்கிறார்கள்? அப்படி ஒருவன் வாழ்ந்தானா என்பதே இன்னும் முடிவாகவில்லை. பழைய கதைப்பாடல்களில் அவன் பிரபு வீட்டுப் பிள்ளையே அல்ல. அங்கே வரும் ராஜாவும் படங்களில் வருவதுபோல் ரிச்சர்ட் அல்ல, எட்வர்ட்தான். 1521-இல் அவனை முதலாம் ரிச்சர்ட் ராஜாவின் காலத்தில் கொண்டுபோய் வைத்தவர் ஜான் மேஜர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். அந்த ரிச்சர்டோ பத்தாண்டு ஆட்சியில் இங்கிலாந்தில் இருந்ததே சுமார் ஆறு மாதம்தான்!

ஆக, கதையில் கைவைப்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரும் தூரமும் கதையல்லவே? கெவின் காஸ்ட்னர் நடித்த 1991 படத்தில், இங்கிலாந்தின் தென்கரையில் வெள்ளைப் பாறைகளுக்கு அடியில் கரையேறும் ராபின், இருட்டுவதற்குள் அப்பா வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறான். வீடு இருப்பது நாட்டிங்ஹாம் பக்கம், சுமார் 300 கிலோமீட்டர். சரி, ஊர் திரும்பிய ஆசையில் பேசுகிறான் என்று விட்டுவிடலாம். ஆனால் போகிற வழியில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் வருகிறதே! அது நாட்டிங்ஹாமையும் தாண்டி, வடக்கே ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் அல்லவா இருக்கிறது?

அந்தச் சுவரோரம், இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒற்றையாக நின்ற சிகமோர் மரத்தடியில்தான் அந்தக் காட்சி. 2023 செப்டம்பரில் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். செய்திகளில் அதற்கு வந்த பெயர், ராபின் ஹூட் மரம்.

– ஒரு வாசகர்